மாடித் தோட்டக்காரருக்கு ஐநேச்சுரலிஸ்ட் செயலி எந்த அளவுக்கு உதவும்?

கடந்த ஆண்டு சித்திரையில் எங்கள் மாடித் தோட்டத்துச் செம்பருத்தியின் கொழுந்துகள் சுருண்டு, காம்புகளில் பஞ்சை ஒட்டி வைத்தது போல மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து தெளித்தேன். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் மூன்றையும் அரைத்துச் செய்யும் 3ஜி கரைசலையும் விட்டுவைக்கவில்லை. அந்த வெள்ளைக் கூட்டத்தின் நடுவே, மற்றவற்றைவிடப் பருத்தும், உடலெங்கும் நீண்ட மெழுகு இழைகள் தொங்கியும், தொட்டால் சட்டென்று நகர்ந்தும் சில பூச்சிகள் இருந்தன. இவைதாம் தாய்ப்பூச்சிகள், இவற்றை ஒழித்தால் மற்றவை தாமே குறைந்துவிடும் என்று நானாக முடிவு கட்டி, இரண்டு வாரங்கள் தினமும் காலையில் ஒரு பழைய பல் துலக்கியோடு மாடிக்குப் போய் அவற்றைத் தேடித் தேடித் தேய்த்துக் கொன்றேன். அவற்றுள் ஒன்றைப் படமெடுத்து, படத்தைக் கொண்டு செடி, பூச்சிகளின் பெயரை அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றிய நாளில்தான், அது மாவுப்பூச்சியே அல்ல, மாவுப்பூச்சியைத் தின்று வாழும் ஒரு பொறிவண்டின் புழு என்று தெரிந்தது.

கிரிப்டோலேமஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த அந்தப் பொறிவண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. தோட்டப் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதற்காக 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. திராட்சை, கொய்யாத் தோட்டக்காரர்கள் ஆய்வகங்களில் வளர்க்கப்பட்ட வண்டுகளைக் காசு கொடுத்து வாங்கி மரங்களில் விடுகிறார்கள். என் வீட்டுக்கோ அது தானாகவே வந்து சேர்ந்திருந்தது. நான் அதைப் பல் துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். புழுப் பருவத்தில் தன் இரையைப் போலவே வெண்மெழுகு போர்த்திக்கொள்வதால் பலரும் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள் என்று பிறகு படித்து ஓரளவு ஆறுதல் அடைந்தேன். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது அந்த நிகழ்ச்சிதான். திருச்சி திருவானைக்காவலில், ஏறத்தாழ நாற்பது குரோ பேக்குகளும் (செடி வளர்க்கும் பைகள்) தரையில் ஒரு கறிவேப்பிலை மரமும் உள்ள சிறிய வீட்டுத் தோட்டத்தில் இரண்டு ஆண்டுகளாக இச்செயலியைப் பயன்படுத்திய அனுபவத்தில், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

செயலியின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்கள் மூவர் 2008-இல் தம் இறுதியாண்டுத் திட்டமாக உருவாக்கிய இணையதளம் இது. 2014-இல் கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் ஒரு பகுதியாயிற்று; 2017-இல் நேஷனல் ஜியோகிராபிக் கழகமும் அதில் இணைந்தது; 2023-இலிருந்து தனித்து இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பாக இருக்கிறது. படத்தைப் பார்த்துக் கணினியே பெயரைப் பரிந்துரைக்கும் வசதி 2017-இல் வந்தது. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. பெயர் கேட்கும் ஒவ்வொரு முறையும் சந்தா கட்டச் சொல்லித் திரையை மறைக்கும் வேறொரு செடி அறியும் செயலியை அதற்கு முன் மூன்று மாதம் பொறுத்துக்கொண்டிருந்த எனக்கு இதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

இயங்கும் முறை எளியதுதான். செடியையோ பூச்சியையோ படமெடுத்து, எடுத்த இடத்தோடும் நாளோடும் பதிவேற்றுகிறோம். இதுவரை பிறர் அடையாளம் கண்டு வைத்திருக்கும் படங்களைக் கொண்டு பயிற்சி பெற்ற கணினி, நம் படத்துக்குப் பொருந்தக்கூடிய சில பெயர்களை வரிசையாகக் காட்டுகிறது. அந்த வட்டாரத்தில் அவ்வுயிர் இருக்க வாய்ப்புண்டா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது ‘ஏதோ ஒரு வண்டு’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். அதன் பிறகுதான் உண்மையான வேலை நடக்கிறது. உலகின் எந்த மூலையிலோ இருக்கும், அந்தப் பூச்சிக் குடும்பத்தில் ஈடுபாடு கொண்ட ஒருவர் நம் பதிவைப் பார்த்து ஒப்புக்கொள்கிறார் அல்லது திருத்துகிறார். பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே சிற்றினத்தை ஒப்புக்கொண்டால் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’ என்ற நிலையை அடைகிறது. படத்துக்கு நாம் தேர்ந்தெடுத்த உரிமம் இடம் கொடுத்தால் அங்கிருந்து உலகப் பல்லுயிர்த் தகவல் தளத்துக்கும் போய், ஆராய்ச்சியாளர்கள் எடுத்தாளும் தரவுகளில் ஒன்றாகிவிடுகிறது. என் பொறிவண்டுப் புழுவையும் முகமறியாத ஒருவர் மறுநாளே உறுதி செய்தார். கணினியின் பரிந்துரை வெறும் பரிந்துரைதான் என்பதை மறந்து, திரையில் முதலில் வரும் பெயரையே முடிவாக எடுத்துக்கொள்கிறவர்களுக்கு இச்செயலியின் பாதிப் பயன் கிடைக்காமலேயே போகிறது.

வீட்டுத் தோட்டக்காரர்கள் முதலில் இடறுவது வேறோர் இடத்தில். புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தில் நானும் என் மல்லிகை, ரோஜா, கத்தரி, வெண்டை, பெங்களூரிலிருந்து வாங்கி வந்த குரோட்டன் என்று வரிசையாகப் படமேற்றினேன். ஒரு வாரத்துக்குள் அவை ஒவ்வொன்றும் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்கப்பட்டு, ஆய்வுத் தரத்துக்குப் போக முடியாத சாதாரணப் பதிவுகளாக ஒதுங்கின. தண்ணீர் ஊற்றி, மண்புழு உரம் போட்டு, பிள்ளையைப் போல் வளர்த்த செடிகளை யாரோ ஓரமாக ஒதுக்கி வைத்தது போல எனக்கு மனம் சுருங்கியது. விதிமுறையைப் படித்தபோது நியாயம் புரிந்தது. மனிதர் நட்டு வைத்த உயிர், அது அங்கே இயல்பாக வாழ்கிறது என்பதற்குச் சான்றாகாது. திருச்சி மாடியில் குரோட்டன் இருப்பதால் குரோட்டன் இவ்வூர்த் தாவரம் என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஆனால் அதே தொட்டியில் நாம் நடாமல் முளைத்த குப்பைமேனியும், அந்தக் குரோட்டனின் இலைக்கடியில் ஒளிந்திருக்கும் சிலந்தியும் காட்டுயிர்களாகவே கொள்ளப்படும். ஆக, நான் விலை கொடுத்து வாங்கியவற்றுக்கு இச்செயலியில் மதிப்பு குறைவு. நான் பிடுங்கி எறிந்தவற்றுக்கும் மருந்தடித்துக் கொன்றவற்றுக்கும்தான் மதிப்பு. இந்த ஒரு விதியால் என் தோட்டத்தை நான் பார்க்கும் முறை மாறியது என்றால் மிகையில்லை. செடிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போய்க்கொண்டிருந்தவன், செடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகலானேன்.

கறிவேப்பிலை மரத்தில் அந்த மாற்றம் நன்றாகத் தெரிந்தது. தோட்டம் வைத்திருக்கும் எல்லாரும் புலம்பும் விஷயம், கொழுந்து விட்டவுடன் ஏதோ ஒரு புழு வந்து காம்பை மட்டும் மிச்சம் வைத்து மொட்டையடித்துவிடும் என்பது. எங்கள் மரத்திலும் அதே கதைதான். முதலில் இலைமேல் பறவை எச்சம் போல, கருப்பும் வெள்ளையுமாக ஏதோ தெரியும். கையால் தட்டிவிடத் தோன்றாது. சில நாள் கழித்து அதே இடத்தில் விரல் பருமனுக்குப் பச்சைப் புழு உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒன்றே என்பது எனக்குத் தெரியாது; எச்சம் போலத் தெரிந்ததைத் தனிப் பதிவாகவும் பச்சைப் புழுவைத் தனிப் பதிவாகவும் ஏற்றினேன். இரண்டுக்கும் ஒரே பேரினத்தைச் செயலி பரிந்துரைத்தது. பாப்பிலியோ என்னும் அந்தப் பேரினத்தில், கறிவேப்பிலையையும் எலுமிச்சை வகைகளையும் தின்னும் வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு நம் ஊர்த் தோட்டங்களில் சாதாரணமாக உண்டு: கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி. இளம் பருவத்தில் இவற்றின் புழுக்களைப் படத்தில் பிரித்தறிவது கடினம் என்பதால் அந்த எச்சப் படம் இன்றும் பேரின அளவிலேயே நிற்கிறது. வளர்ந்த புழுவின் படத்தை மட்டும் ஒருவர் கறிவேப்பிலை அழகி என்று பெயரிட்டார்.

அதன் பிறகு அந்தப் புழுக்களைக் கொல்ல மனம் வரவில்லை. ஒரு கிளையை அவற்றுக்கென்று விட்டுவிட்டேன். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற சிவந்த கொம்பு ஒன்றை நீட்டி, புளித்த நாற்றத்தை விடுவதையும், கூட்டுப்புழுவாகும் முன் ஒரு பட்டு நூலை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குச்சியோடு சாய்ந்து தொங்குவதையும் அந்தக் கிளையில்தான் பார்த்தேன். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. வெளிவந்த பெண் பூச்சியைப் படமெடுத்து ஏற்றியபோது இன்னொரு குழப்பம் நேர்ந்தது: பின்னிறகில் சிவப்பும் வெள்ளையுமாக இருந்த அதை நான் ரோஜா அழகி என்று குறித்துவிட்டேன். அடையாளம் காண்பவர் ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். ரோஜா அழகியின் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற நச்சுக் கொடிகளைத் தின்று வளர்வதால் பறவைகள் அந்தப் பூச்சியைத் தவிர்க்கும். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை அதன் வேடத்தைப் போட்டுக்கொண்டு தப்பிக்கிறது. ரோஜா அழகிக்கு உடலும் தலையும் சிவந்திருக்கும், வேடதாரிக்கு உடல் கருப்பு. என் படத்தில் உடல் கருப்பாகத்தான் இருந்தது. இறகை மட்டும் பார்த்து ஏமாந்த பறவைக் கூட்டத்தில் நானும் ஒருவனாகியிருந்தேன். இரண்டே வாக்கியத் திருத்தத்தில் இவ்வளவையும் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் வேறெங்கே கிடைப்பார் என்பது எனக்குத் தெரியவில்லை.

கறிவேப்பிலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. செயலி ஒவ்வோர் உயிருக்கும் அறிவியல் பெயரைக் காட்டும். முதலில் அந்த இலத்தீன் சொற்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கறிவேப்பிலையின் பெயரில் ‘கோனிகி’ என்று ஒரு சொல் வருவதைக் கண்டு தேடியபோதுதான், உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவராக இருந்து, 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கின் நினைவாக அது இடப்பட்டது என்று அறிந்தேன். முருங்கையின் பேரினப் பெயரான மொரிங்கா, முருங்கை என்ற நம் சொல்லிலிருந்தே போனது. தினமும் குழம்பில் போடுகிற இலைக்குத் தரங்கம்பாடிக் கதை ஒன்று இருப்பதை ஒரு கைப்பேசிச் செயலி வழியாகத் தெரிந்துகொள்ள நேர்ந்தது சற்று வெட்கமாகவும் இருந்தது.

களைகளின் பக்கம் வருவோம். முதல் ஆண்டு மழைக்காலத்தில், கத்தரி எடுத்த பிறகு காலியாகக் கிடந்த ஆறு பைகளில் களை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். ஐப்பசி முடிவதற்குள் அவற்றில் பதினேழு வகைச் செடிகளை எண்ண முடிந்தது: குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை, சாரணை, பருப்புக்கீரை, வெட்டுக்காயப் பூண்டு, கரிசலாங்கண்ணி, நாயுருவி இவையெல்லாம் அதில் அடக்கம். இவற்றில் பாதியைப் பக்கத்து வீட்டுப் பாட்டி படத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். “இது சாரணை, அது மூக்கரட்டை, ரெண்டையும் கீரைன்னு ஒண்ணா ஆய்ஞ்சிராதப்பா,” என்று அவர் எச்சரித்த இரண்டையும் செயலியும் சரியாகவே பிரித்துக் காட்டியது. பாட்டிக்கும் தெரியாத சிறு புல்வகைகள் மூன்றில் செயலியும் திணறி, ‘புற்குடும்பம்’ என்ற அளவில் நின்றுவிட்டது. அது செயலியின் குற்றமாக எனக்குப் படவில்லை; பூக்கதிர் இல்லாத புல்லை நிபுணர்களே பெயரிடத் தயங்குவார்கள். வெட்டுக்காயப் பூண்டின் பக்கத்தைத் திறந்தபோது, ஊரெல்லாம் காயத்துக்குப் பிழிந்து விடும் அந்தச் செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து குடியேறியது என்று ‘அயல் இனம்’ குறியோடு காட்டியது. நாட்டு வைத்தியத்தில் அவ்வளவு இயல்பாகக் கலந்துவிட்ட ஒன்றை அயலூர்ச் செடி என்று ஏற்றுக்கொள்ளவே எனக்குச் சில நாள் பிடித்தது.

அந்தப் பைகளில் ஒன்றிலிருந்த பருப்புக்கீரையில்தான் அவ்வாண்டின் சிறந்த பதிவு கிடைத்தது. வெந்தய வரியன் என்று நான் எண்ணிய, செம்மஞ்சள் நிறமும் கருப்பு நுனியும் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்று அந்தக் கீரையையே சுற்றிச் சுற்றி வந்தது. வெந்தய வரியனுக்கு எருக்கஞ்செடிதானே வேண்டும், கீரையில் அதற்கு என்ன வேலை என்ற ஐயம் வந்தது. அந்த அளவுக்கு அப்போது தேறியிருந்தேன் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. பரிந்துரைப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெயர்தான் சரி: ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ், பெண் பூச்சி. எருக்கின் நச்சை ஏற்றிக்கொண்ட வெந்தய வரியனைப் போல வேடமிட்டு வாழ்வது, தன் முட்டைகளைப் பருப்புக்கீரையில் இடுவது. அந்தக் கீரையைக் களை என்று பிடுங்கியிருந்தால் அந்தப் பூச்சி எங்கள் மாடியில் இறங்கியிருக்கவே இருக்காது.

இனிக் குறைகள். முதலாவது, சிறு பூச்சிகள். ஒரு சிற்றினத்துக்குச் சுமார் நூறு படங்களாவது சேர்ந்தால்தான் கணினி அதைக் கற்றுக்கொள்ளும் என்பதால், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் படமெடுத்துத் தள்ளும் உயிர்களுக்குக் கிடைக்கும் துல்லியம் நம் ஊர் இலைச்சுரங்க ஈக்களுக்கும் தத்துப்பூச்சிகளுக்கும் கிடைப்பதில்லை. இலைப்பேன், அசுவினி, சிறு குளவிகள் போன்றவை பெரும்பாலும் குடும்ப அளவிலேயே நின்றுவிடும். மாவுப்பூச்சியிலேயே இந்த வரம்பு தெரியும். வீட்டுத் தோட்டக்காரருக்கு எல்லாம் மாவுப்பூச்சிதான். ஆனால் 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களைச் சீரழித்த பப்பாளி மாவுப்பூச்சி தனிச் சிற்றினம். அதை அடக்கியது தெளிப்பு மருந்து அன்று. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட, அந்தச் சிற்றினத்தையே குறிவைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள்தாம். எந்த மாவுப்பூச்சி என்பது அவ்வளவு முக்கியம். கைப்பேசிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது, நுண்ணோக்கி வேண்டும்.

இரண்டாவது, தமிழ்ப் பெயர்கள். அமைப்புகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பொதுப்பெயர்கள் தமிழில் வரும், ஆனால் யாராவது ஒரு பயனர் அந்தப் பெயரைச் சேர்த்திருந்தால் மட்டுமே. வண்ணத்துப்பூச்சிகளுக்கு நிலைமை நன்றாக இருக்கிறது. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பெயர்களைத் தொகுத்துப் புழக்கத்தில் விட்டதன் பயன் அது. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவன் அறிவிக்கப்பட்ட பிறகு செய்தித்தாள்களும் அந்தப் பெயர்களை எழுதத் தொடங்கின. மற்ற பூச்சிகளுக்கோ பெயரே வழக்கில் இல்லை, அல்லது ஒரே பெயர் பத்துப் பூச்சிகளுக்குப் பொதுவாக இருக்கிறது. நம் பேச்சில் குளவி என்றால் மண்கூடு கட்டுவதும் குளவி, காகிதக் கூடு கட்டுவதும் குளவி. பொன்வண்டு என்றால் எது என்பதற்கு ஊருக்கு ஊர் விடை மாறும். செடிகளுக்கு இதன் மறுதலை: மூக்கிரட்டைக்கே வட்டாரத்துக்கு ஒரு பெயர் உண்டு. பயனரே பெயர் சேர்க்கலாம் என்ற வசதி இருப்பதால் நானும் சேர்த்தேன், எச்சரிக்கையோடு. நாமாகப் புதுப்பெயர் சூட்டி ஏற்றுவதை விதிமுறை அனுமதிப்பதில்லை, வழக்கிலுள்ள பெயராக இருக்க வேண்டும். இது சரியான விதி என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஆங்கிலப் பெயர்களின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்புகளால் அந்தப் பட்டியல் நிரம்பிவிடும்.

மூன்றாவதைக் குறை என்று சொல்வதைவிட எச்சரிக்கை என்று சொல்லலாம். மருந்துக்காகவோ சமையலுக்காகவோ செடி பறிக்க இச்செயலியின் பரிந்துரையை நம்பக் கூடாது. எடுத்துக்காட்டாக, கீழாநெல்லி என்று வீட்டில் பறிப்பவற்றில் அதன் நெருங்கிய உறவுச் செடிகள் சில கலந்துவிடும். ஒன்றில் காய் வழவழப்பாகச் சிறு காம்போடு இலைவரிசைக்கடியில் தொங்கும்; இன்னொன்றில் காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருக்கும், தண்டும் சிவந்திருக்கும். மேலே நின்று எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினியும் பார்த்த இலையை வைத்துத்தான் சொல்லும். கிளையைப் புரட்டி, காயும் காம்பும் தெரிய எடுத்த படம் இருந்தால்தான் அடையாளம் காண்பவர்களே வாய் திறப்பார்கள். மஞ்சள் காமாலைக்குக் கொடுக்க வேண்டிய செடி எது என்று கைப்பேசியைக் கேட்கும் நிலைக்கு நாம் வந்துவிடக் கூடாது.

வீட்டிலிருந்து பதிவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருப்பிட மறைப்பு. வேறொன்றும் மாற்றாமல் விட்டால் நம் மாடியின் இடம் வரைபடத்தில் துல்லியமாக, எல்லாரும் பார்க்கும்படி நிற்கும். ஒவ்வொரு பதிவிலும் ‘மங்கலாக்கு’ என்ற பொருளுடைய தேர்வு ஒன்று உண்டு. அதை அமைத்தால் நம் இடத்தை ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டும். வீட்டில் எடுக்கும் எல்லாப் பதிவுகளுக்கும் அதையே வைத்திருக்கிறேன்; காவிரிக்கரையிலோ மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலோ எடுப்பவற்றுக்கு மட்டும் திறந்து விடுகிறேன். அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் இருப்பிடத்தைச் செயலி தானே மங்கலாக்கிவிடும். நம் இருப்பிடத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்றால் இதே அமைப்பு வெளியிட்டுள்ள சீக் என்ற செயலியைப் பரிந்துரைப்பேன். ஐநேச்சுரலிஸ்ட்டில் 13 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் அனுமதியின்றிக் கணக்குத் தொடங்க முடியாது. சீக்குக்குக் கணக்கே வேண்டாம், படமும் இடமும் வெளியே போவதில்லை. கேமராவைச் செடிமேல் காட்டினால் முதலில் ‘தாவரம்’ என்றும், பிறகு குடும்பம், பேரினம் என்றும் படிப்படியாக இறங்கி வந்து, உறுதியானால் மட்டும் சிற்றினத்தைச் சொல்கிறது. என் அண்ணன் மகள் விடுமுறையில் வந்திருந்தபோது, அந்த வரிசையில் ஒரு படியேனும் கூடுதலாக இறங்க வைப்பதற்காக ஒரு வெட்டுக்கிளியைச் சுற்றிக் கால்மணி நேரம் தவழ்ந்தாள். மனிதர் எவரும் திருத்தாததால் சீக் சொன்னதோடு கதை முடிந்துவிடுகிறது என்பதே அதன் வரம்பு. பிள்ளைகளின் கேள்வி தொடர்ந்தால் பெரியவர் ஒருவர் தம் கணக்கில் அந்தப் படத்தை ஏற்றிக் கொடுப்பது நல்லது.

படமெடுப்பது பற்றி என் பாடுகளிலிருந்து சில குறிப்புகள். ஒரே பதிவில் பல படங்களைச் சேர்க்கலாம். செடியென்றால் முழு உருவம், இலை தண்டில் பொருந்தும் விதம், இலையின் அடிப்பக்கம், பூ அல்லது காய் என்று நான்கு படங்கள் இருந்தால் பதில் விரைவில் வருகிறது. பூச்சியென்றால் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும், அது உட்கார்ந்திருந்த செடியையும் சேர்த்து ஒன்றும் போதும். புழுக்களைப் பொறுத்தவரை அவை எந்த இலையைத் தின்கின்றன என்பதே பாதி அடையாளம். கைப்பேசியில் மாட்டும் கவ்வு வில்லை ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அசுவினி அளவுப் பூச்சிகளுக்கு அது இல்லாமல் முடியாது. கைப்பேசிக் கேமராவில் எடுத்து வைத்துக்கொண்டு இரவில் நிதானமாக ஏற்றலாம், நாளையும் இடத்தையும் படத்திலிருந்தே செயலி எடுத்துக்கொள்ளும். ஆனால் உறவினர் வாட்ஸாப்பில் அனுப்பும் படங்களில் அந்த விவரங்கள் நீங்கிவிடுவதால், “இது என்ன பூச்சின்னு பார்த்துச் சொல்லுங்க சித்தப்பா” என்று வரும் படங்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டு, அவர்களையே செயலியை நிறுவிக்கொள்ளச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். மூவர் நிறுவினார்கள், ஒருவர் தொடர்கிறார்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செடியைக் காப்பாற்றும் வழியை இது சொல்லித் தராது. இலை ஏன் மஞ்சளாகிறது, பூ ஏன் உதிர்கிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பவற்றுக்கு இதில் விடை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பூச்சியின் பெயர் கிடைத்த பிறகு, அதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தேடிப் படிப்பது என் வழக்கம். பயிர்வாரியாகப் பூச்சிகளையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளையும் தமிழிலேயே தொகுத்து வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியாமல் அந்தத் தளத்துக்குள் நுழைந்தால் திசை தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் வீட்டுத் தோட்டக்காரருக்கு முழுப் பயன்.

பெயர் அறியும் ஆவலோ, பூச்சியைக் கொல்லும் முன் ஒரு நிமிடம் நின்று பார்க்கும் பொறுமையோ இருப்பவருக்கு ஐநேச்சுரலிஸ்ட்டைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விளைச்சல் ஒன்றே குறியாக இருப்பவருக்கும், கேட்டவுடன் உறுதியான விடை வேண்டும் என்பவருக்கும் இது சலிப்பைத் தரும். என் கணக்கில் இதுவரை 640 பதிவுகள் உள்ளன. அவற்றில் 300-க்குச் சற்று மேற்பட்டவை மட்டுமே ஆய்வுத் தரம் எய்தியுள்ளன. மீதியில் சில என் மங்கலான படங்கள், சில மல்லிகைகள், பல குளவிகள்.

தொடங்க நினைப்பவர்கள் கோடையில் தொடங்க வேண்டாம். வெயிலில் மாடியில் எறும்பும் மாவுப்பூச்சியும் தவிர அதிகம் தென்படாது. புரட்டாசிக் கடைசியில் ஒரு பையை மண்ணோடு, எதையும் விதைக்காமல், மழையில் நனையும்படி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கவ்வு வில்லையோடு போய்ப் பாருங்கள். முதலில் சாரணைதான் முளைத்திருக்கும்.